மனோரிக்குச் சைக்கிளில் போகிற வழி

தாராவி, பம்பாய்
22-2-1965

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நயினார் எழுதிக்கொண்டது. நானும் முருகம்மாளும் சுகம். அத்தானும் செம்பூரில் ஒர்க்‌ஷாப்பும் தானுமாக நன்றாக இருக்கிறார்கள். நீங்களும் கனகுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் அச்சாபீஸ் படியில் கால் வைக்கும்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அத்தான் கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது என்று குறைப்பட்டிருந்தீர்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பேனாவைப் பிடிப்பதைவிட ஸ்பேனரைப் பிடிப்பது அவர்களுக்கு லேசு. நான் வேறு எதற்கு இருக்கிறேன்! மாட்டுங்காவில் நாள் முழுக்க ஊரார் கல்யாணத்தையும் கருமாதியையும் எழுத்து எழுத்தாகக் கோத்துக் கொடுக்கிறவன், சொந்த அக்காவுக்கு இரண்டு பேர் கடிதத்தையும் சேர்த்து எழுத மாட்டேனா?

ஒரு நல்ல சேதி. ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய இரும்பைத் தட்டி ஒட்டி அத்தான் இரண்டு சைக்கிள் செய்துவிட்டார்கள். ஒன்று எனக்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை மனோரித் தீவுக்குப் போய்வந்தோம். தீவு என்றதும் பயப்படாதீர்கள், பச்சைப்பிள்ளைகூடப் போகலாம், வழியில் ஒரு மேடு கிடையாது. மாஹிம், பாந்த்ரா, அந்தேரி என்று நேராக மலாடு வரைக்கும் மிதிக்க வேண்டியது. மலாடு ஸ்டேஷன் பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பினால் மார்வே. அங்கே படகு. ஆளோடு சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறான். தாராவியிலிருந்து இரண்டு மணி நேரம், வேர்க்கக்கூட இல்லை.

அந்தக் கரையில் இறங்கினால் பம்பாய் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தென்னந்தோப்பு, மூங்கிலில் வரிசையாக மீன் கட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள், வாசலுக்கு வாசல் சிலுவை. கடலில் அலையா அது? நம் குளத்தில் எருமை இறங்கினால் அதைவிடப் பெரிதாக அடிக்கும். அரை பர்லாங் உள்ளே போனாலும் முழங்கால் தண்ணீர்தான். அத்தான் மல்லாந்து மிதந்துகொண்டு, "நயினாரு, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன், நீ போடே" என்று சொல்லிச் சிரித்தார்கள். கரையோரம் ஒரு பார்சிக்காரர் பங்களா இருக்கிறது. அங்கே சமைக்கிற அம்மிணி என்கிற பாலக்காட்டுக்காரிக்குத் தமிழ் தெரிகிறது. நம் பேச்சைக் கேட்டுவிட்டுச் சோறும் மீன்குழம்பும் போட்டாள். அத்தான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தங்கள் பிரியமுள்ள தம்பி
நயினார்

*

பணகுடி
8-3-1965

என் தம்பி நயினாருக்கு அக்கா ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைக் கனகு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். எருமை என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று தடவை சோறு வாங்கத் தெரிந்த கைக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா என்று உன் அத்தானிடம் நான் கேட்டதாகக் கேள். அவர் வந்து போய் இந்தச் சித்திரையோடு மூன்று வருஷம் முடிகிறது. கிணற்றடியில் ஒவ்வொருத்தியும், "தங்கத்தாய், அவுக வாராகளா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள்.

நீ அவரை இழுத்துக்கொண்டு வர வேண்டிய வேளை வந்துவிட்டது. வள்ளியூர் பிரம்மநாயகம் அண்ணாச்சி தன் மகன் நெல்லையப்பனுக்குக் கனகுவைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார். பையன் பள்ளிக்கூட வாத்தியார். கனகு அவனைக் கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சம்மதம் என்று சொல்லாமலே தெரிகிறது, இப்போதெல்லாம் இரண்டு தடவை தலை சீவுகிறாள். அண்ணாச்சி கண்டிப்பான ஆள். "பொண்ணோட தகப்பனாரு நேர்ல வந்து வெத்தல பாக்கு மாத்தணும். பம்பாயில இருக்காரு, இருக்காருன்னா, எப்படி இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாண்டாமா?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் காதுக்கும் ஏதோ பேச்சு போயிருக்கிறது போல.

வைகாசிக்குள் அவர் வரவேண்டும். கடலில் மிதந்தது போதும், கரையேறச் சொல்.

உன் அக்கா
தங்கத்தாய்

*

தாராவி
19-5-1965

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மனோரிக்குப் போனோம். அத்தான் தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் இருந்தேன். கொஞ்ச நேரம் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மீன்காரர்கள் படகு போட்டுத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. இனிக் கிடைக்காது என்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே நான் பார்த்துக்கொண்டேன். நீங்கள் யாரும் வர வேண்டாம். ஊரில் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிடுங்கள்.

கருமாதிப் பத்திரிகையை நானே கோத்து அச்சடித்து நூறு அனுப்பியிருக்கிறேன். பிரம்மநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கு முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

நயினார்

*

பணகுடி
30-6-1965

தம்பி நயினாருக்கு,

காரியம் முடிந்தது. உடம்பு இல்லாததால் அவர் வேட்டியை மடித்து வைத்துச் செய்தார்கள். பதினாறாம் நாள் என்னை நடுவில் உட்காரவைத்து, பூ வைத்து, பொட்டு வைத்து, கை நிறைய வளையல் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். வளையல் உடையும்போது மணிக்கட்டில் கீறிவிட்டது. இன்னும் ஆறவில்லை. ஒரு வருஷத்துக்கு வாசல்படி இறங்கக் கூடாது என்றிருக்கிறார்கள். கிணற்றடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது வீடு தேடி வந்து என் தோளில் சாய்ந்து அழுகிறார்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சியும் வந்தார். "தகப்பன் இல்லாத பிள்ளைய நாங்க விட்டுர மாட்டோம் தாயி, வருஷம் கழியட்டும்" என்று கனகு தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நயினாரு, எனக்குத் தூக்கம் இல்லை. உன் பழைய கடிதத்தையும் புதுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முழங்கால் தண்ணீர் என்று எழுதியிருந்தாயே, அதில் எப்படி முழுகினார்? நம் குளத்தில் இந்தக் கரையில் முங்கி அந்தக் கரையில் எழும்புகிற ஆள் அவர். அவர் சட்டை எங்கே? அவர் செய்த சைக்கிள் எங்கே? கடல் அதையுமா கொண்டுபோனது? சட்டையையாவது அனுப்பிவை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

தாராவி
12-7-1965

அன்புள்ள அக்காவுக்கு,

கடல் எப்போதும் ஒரேபோல இருக்குமா? மே மாதத்தில் அங்கே தண்ணீர் உள்ளுக்குள் இழுக்கும் என்று மீன்காரர்கள் பிறகுதான் சொன்னார்கள். சட்டையைப் போலீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சைக்கிளைப் படகுக்காரனிடம் விட்டுவிட்டேன், அதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கனகுவுக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. தாய்மாமன் நான் முன்னால் நின்று தாரை வார்த்துக் கொடுப்பேன். அத்தான் இல்லாத குறை தெரியாமல் செய்வேன்.

தம்பி
நயினார்

*

பணகுடி
20-4-1966

தம்பி நயினாருக்கு,

வருஷம் கழிகிறது. மேலத்தெரு மாசானம் பம்பாய் வருகிறார். அவரோடு நான் வருகிறேன். உடம்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இறங்கின தண்ணீரில் ஒரு செம்பு பாலாவது ஊற்றிவிட்டு வந்தால்தான் கனகு கல்யாண வேலையில் எனக்குக் கை ஓடும். வர வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் நான் இங்கே இருக்க மாட்டேன்.

அக்கா

*

பணகுடி
29-5-1966

நயினாருக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நீ அழுதபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்னை ஜூஹுவுக்குக் கூட்டிப்போனாய். பலூன் விற்கிறவனும் குதிரைக்காரனும் தின்பண்டத் தள்ளுவண்டியுமாகத் தேர்த்திருவிழாக் கூட்டம். அதன் நடுவில் நின்று, "இங்கதான்க்கா" என்று கையை நீட்டினாய். படகு எங்கே என்றேன். இப்போது பாலம் கட்டிவிட்டார்கள் என்றாய். பாலம் எங்கே என்று நான் கேட்கவில்லை. பால் திரிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அது நல்ல பால்தான்.

செவ்வாய்க்கிழமை நீ அச்சாபீசுக்குப் போன பிறகு முருகம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மைனி, நீங்க போயி ஒங்க கண்ணால பாத்துட்டு வந்துருங்க. ஒங்க வெறும் நெத்தியப் பாத்துக்கிட்டு என்னால சோறு போட முடியல" என்றாள். அவளாகவே போய் அடுத்த வீட்டு ஜெயினுலாப்தீன் அண்ணனைக் கூட்டிவந்தாள். அவளை நீ திட்டினாய் என்று கேள்விப்பட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

மலாடு வரை ரயில். ஸ்டேஷனில் அண்ணன் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து என்னைக் கேரியரில் உட்காரவைத்தார். வெள்ளைப் புடவையும் மடியில் பால் செம்புமாக நான் போவதை அந்த ரோடு முழுக்க வேடிக்கை பார்த்தது. "தங்கச்சி, முந்தானையச் சக்கரத்துல விட்டுறாத" என்று இரண்டு தடவை சொன்னார், வேறு பேச்சில்லை. நீ எழுதியது சரிதான், வழியில் மேடே இல்லை. கடல் காற்று முகத்தில் அடித்தது. ஒரு வருஷம் உள்ளே கிடந்தவளுக்கு அந்தக் காற்று நன்றாக இருந்தது நயினாரு. புருஷனுக்குப் பால் ஊற்றப் போகிறவளுக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்கள். மூங்கிலில் மீன் காய்ந்தது. சிலுவை இருந்தது. நீ எழுதியது அத்தனையும் இருந்தது.

பங்களா வாசலில் அவர் பூவாளியை வைத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. சட்டையில்லை. அவர் சைக்கிள் தென்னை மரத்தில் சாய்ந்து நின்றது. என்னைப் பார்த்துவிட்டுப் பூவாளியைக் கீழே வைத்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏட்டி தங்கம், யாருட்டி செத்துப் போனா?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "நான் இனிமே வரலன்னு ஒனக்கு எழுதிட்டதா நயினாரு சொன்னானே. நீயும் சரி, போகட்டும்னுட்டதா சொன்னானே. போன மாசம்கூட வந்து சாப்பிட்டுப் போனான், அப்பகூடச் சொல்லலியே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்த அம்மிணி உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாகமாக இருந்தது, குடித்தேன்.

அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் மடியில் பால் இருந்தது. அதற்காகத்தானே ஆயிரம் மைல் வந்தேன்? கடலில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர், அலையே இல்லை. கொண்டுபோன பாலை முழுக்க ஊற்றினேன். தனக்கு ஊற்றுகிற பாலை அவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்ட்டி, வேண்டாம்ட்டி" என்று சொன்னார். நான் கரையேறித் திரும்பிப் பாராமல் படகுக்கு நடந்துவிட்டேன்.

அவர் என்னை விட்டுப் போனார். அது ஊரில் நாலு ஆம்பளை செய்கிறதுதான். அழுதிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், பிறகு எழுந்து என் வேலையைப் பார்த்திருப்பேன். என் வளையலை உடைத்தது அவர் இல்லை. நீ. அம்மா போன பிறகு உனக்குச் சோறு ஊட்டின கை இது. அந்தக் கையில் வளையல் இருக்கலாமா கூடாதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கோத்து நூறு பத்திரிகை அடித்தாயே, ஒரு எழுத்திலாவது உன் விரல் நிற்கவில்லையா?

கனகுவிடம் சொல்லப் போகிறேன். பிரம்மநாயகம் அண்ணாச்சியிடமும் சொல்லப் போகிறேன்.

தங்கத்தாய்

*

தாராவி
8-6-1966

அக்கா,

உங்கள் காலில் விழுந்து எழுதுகிறேன். தயவுசெய்து அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். போன வருஷம் மார்ச்சில் அத்தான் என்னிடம் இனி ஊருக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். சண்டை போட்டேன், கையைக்கூட ஓங்கினேன். உங்களுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்றையும் கிழித்தேன். அந்தச் சமயத்தில்தான் வைகாசிக்குள் கூட்டிக்கொண்டு வா என்று உங்கள் கடிதம் வந்தது. எனக்கு நம் சித்தி மகள் தங்கமயில்தான் கண்ணில் நின்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளை யார் வீட்டு விசேஷத்துக்காவது கூப்பிட்டார்களா? வாழாவெட்டி, வாழாவெட்டி என்றே சொல்லி இரண்டாம் வருஷம் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்களே. அவளைத் தூக்கின கயிற்றில் நானும் ஒரு பக்கம் பிடித்தேன் அக்கா, எனக்குப் பதினைந்து வயது. தாலி அறுத்தவளுக்கு ஊர் அழும், வாழாவெட்டியைப் பார்த்து ஊர் சிரிக்கும். எது உங்களுக்கு நல்லது என்று யோசித்தேன். ஓடிப்போனவன் மகள் என்றால் அண்ணாச்சி வீட்டில் எடுப்பார்களா என்று யோசித்தேன். உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

அங்கே மாதாமாதம் போனதும் உண்மைதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அத்தான் கேட்பார்களா என்று பார்க்கத்தான் போனேன். சில தடவை கேட்டார்கள்.

ஆவணியில் கல்யாணம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைச் செருப்பால் அடியுங்கள்.

நயினார்

*

பணகுடி
2-7-1966

நயினாருக்கு,

கனகுவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்டாள். மாமாவுக்கும் அத்தைக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா செத்தே இருக்கட்டும்மா" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, வாழ ஆசைப்படுகிறாள். உன்னைப் போலவே கணக்காக யோசிக்கிறாள், உன் மருமகள்தானே. நான் உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் தாலி அறுத்தவளாக இருந்தால்தான் அவள் கழுத்தில் தாலி ஏறும் என்றால், நான் இருந்துகொள்கிறேன். பிரம்மநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கு நான் போகவில்லை. இனிப் போகவும் மாட்டேன். இதில் நீ ஜெயித்துவிட்டாய்.

ஆவணி ஏழாம் தேதி முகூர்த்தம். கல்யாணப் பத்திரிகையை மாமாவே அடித்து அனுப்பட்டும் என்கிறாள் கனகு. அவள் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும் என்று உனக்கே தெரியும். நீ வர வேண்டும் என்பதும் அவள் ஆசைதான். வா. பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நில். அவள் கையைப் பிடித்துக் கொடு, தாரை வார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் எப்படி முன்னால் நின்று செய்கிறான் பார் என்று ஊர் உன்னைப் புகழட்டும்.

நான் மணவறைப் பக்கம் வரக் கூடாது. என் மகளுக்குத் தாலி ஏறுவதை நான் பார்க்கக் கூடாது. மேளச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். அடுப்படியில் இருப்பேன், நீ எனக்குப் போட்டுக் கொடுத்த இடத்தில். நீ அங்கே வராதே. எனக்குச் சேலை எடுத்து வராதே. சாப்பிட்டாயா அக்கா என்று யார் மூலமாகவும் கேட்டு அனுப்பாதே. முருகம்மாள் வரட்டும், அவள் என் பக்கத்தில் உட்காரலாம்.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்ல வராதே. சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள். நீயும் அப்படியே போய்விடு.

தங்கத்தாய்